ஓக்லண்ட் பார்க், 2004: புருவ நெரிப்புக்கான ஊசியும் அளக்கப்படாத ஒரு குப்பியும்

2004 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஓக்லண்ட் பார்க் என்னும் ஊரின் மருத்துவ நிலையம் ஒன்றில், முகச் சுருக்கத்தைக் குறைப்பதற்கான போட்டுலினம் நச்சு ஊசியை நான்கு பேர் போட்டுக்கொண்டார்கள்; போடாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் மருந்தின் மூலப்பொருள் அந்த நச்சுதான். ஊசி போட்ட மருத்துவரே அந்த நால்வரில் ஒருவர். மற்றவர்கள் அவருடைய தோழியும், ஒரு கணவனும் மனைவியும். அடுத்த சில நாள்களுக்குள் நால்வரும் உடல் செயலிழந்த நிலையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். இருவர் ஃபுளோரிடாவில், இருவர் நியூ ஜெர்சியில். அவர்களுக்கு வந்தது போட்டுலிசம், அதாவது அதே நச்சு உடலில் பரவித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய். கெட்டுப்போன இறைச்சியாலும், சரியாக வேகவைக்காமல் அடைத்த உணவாலும் வரும் நோய் என்றே அதுவரை பெரும்பாலான மருத்துவர்கள் அதை அறிந்திருந்தார்கள்.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேச்சு வரும்போது இரண்டு முடிவுகளில் ஒன்று எளிதில் எட்டப்பட்டுவிடுகிறது. அந்த மருந்தே நஞ்சு, அதன் பக்கம் போகவே கூடாது என்பது ஒன்று. ஒரு தவறான மருத்துவரின் தனிப்பட்ட குற்றம், அதோடு கதை முடிந்தது என்பது மற்றொன்று. முதலாவது முடிவு, முறையாகப் போட்டால் நன்கு பயன் தரும் ஒரு சிகிச்சையைக் காரணமில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. இரண்டாவது முடிவு, அதே தவறு இருபது ஆண்டுக்குப் பிறகு வேறு ஊர்களில் திரும்ப நடந்ததற்கு விளக்கம் தருவதில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் உயிர்நாடி ‘யூனிட்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் குப்பியின் மேல் எப்படி வந்து சேர்கிறது, யார் அதற்குப் பொறுப்பேற்கிறார்கள், அது இல்லாத குப்பி ஒன்று ஊசிக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். அதற்கு முன், சிகிச்சை முறையாக நடந்தால் எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புருவ மத்தியில் நடப்பது

பொட்டு வைக்கும் அந்தச் சிறிய இடத்தில் தோலுக்கு அடியில் சில தசைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புருவ எலும்பின் உள்முனையில் தொடங்கிப் புருவத்தின் நடுப்பகுதித் தோலில் போய்ச் சேரும் காருகேட்டர் தசை பக்கத்துக்கு ஒன்றாக உள்ளது. அது சுருங்கும்போது புருவங்கள் உள்நோக்கி இழுபட்டு, இரண்டுக்கும் நடுவே நெடுக்குக் கோடுகள் விழுகின்றன. மூக்குத்தண்டின் மேல்முனையில் இருக்கும் புரோசிரஸ் தசை புருவ மத்தியைக் கீழே இழுத்து, மூக்கின் அடிவேரில் குறுக்குக் கோட்டை உண்டாக்குகிறது. இவற்றுக்கு எதிராகப் புருவத்தை மேலே தூக்கிப் பிடிப்பது நெற்றித் தசை ஒன்றுதான்.

வெயிலில் கண்ணைச் சுருக்குபவரும், எழுத்து தெரியாமல் உற்றுப் பார்ப்பவரும், யோசனையில் ஆழ்ந்தவரும் இந்தத் தசைகளை நாள் முழுவதும் சுருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இளமையில் முகம் தளர்ந்தவுடன் கோடு மறைந்துவிடும். வயது ஏறி, வெயில் பட்டுப் பட்டுத் தோலின் கொலாஜன் குறைந்த பிறகு, முகம் சும்மா இருக்கும்போதும் கோடு நின்றுவிடுகிறது. அப்போது கோபமே இல்லாதவரைப் பார்த்து வீட்டார் ‘ஏன் முகத்தைச் சுளிக்கிறாய்’ என்று கேட்கிறார்கள். தன் மனநிலைக்கு மாறான முகத்தைச் சுமந்து திரியும் ஒருவர் அதை மாற்ற விரும்புவதை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஓக்லண்ட் பார்க்கில் நாற்காலியில் அமர்ந்தவர்களின் விருப்பத்திலும் தவறு ஏதும் இல்லை.

வெயில் தடுப்புப் பூச்சும் ரெட்டினாய்டு களிம்பும் தோலுக்கு நல்லவை. ஆனால் கோட்டை இழுத்து உண்டாக்கும் தசையை அவை தொடுவதில்லை. புருவத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சையின்போது காருகேட்டர் தசையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் வழக்கம் உண்டு. தசையைத் தற்காலிகமாக ஓய்வெடுக்க வைக்கும் வழி 1987 ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும் இமை இசிவு நோய்க்குப் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டுவந்தார். அந்த முறையை சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் மாறுகண் சிகிச்சைக்காக உருவாக்கியிருந்தார். இமை இசிவுக்காக வந்துகொண்டிருந்த பெண் ஒருவர், ஒருநாள் புருவ மத்தியில் ஊசி போடாமல் விட்டதற்குக் குறைபட்டுக்கொண்டார். அங்கே போட்டால் முகம் கவலையற்றுத் தெளிந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். ஜீனின் கணவர் அலஸ்டேர் கருதர்ஸ் தோல் மருத்துவர். அந்தக் கோடுகளோடு அவர் நெடுநாளாக மல்லாடிக்கொண்டிருந்ததால் இருவருக்கும் அதன் பொருள் உடனே விளங்கியது. 1992 இல் அவர்கள் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்; கனடா 2001 இலும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002 ஏப்ரலிலும் புருவ நெரிப்புக் கோடுகளுக்கு போடாக்ஸ் மருந்தை அனுமதித்தன.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2004 நவம்பரில் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அழகு சிகிச்சையில் இருந்த அனுமதி புருவ மத்திக்கு மட்டுமே உரியது. கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013 இலும் நெற்றிக் கோடுகளுக்கு 2017 இலும்தான் அனுமதி கிடைத்தது.

யூனிட் என்றால் என்ன

அனுமதி பெற்ற முறை எளிமையானது. 100 யூனிட் கொண்ட குப்பியில் 2.5 மில்லிலிட்டர் உப்புநீரை விட்டுக் கரைத்தால், 0.1 மில்லிலிட்டரில் 4 யூனிட் இருக்கும். காருகேட்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், புரோசிரஸில் ஓரிடம் என ஐந்து இடங்களில் 4 யூனிட் வீதம் போட்டால் மொத்தம் 20 யூனிட். ஓரிரு நாளில் தசை தளரத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் முழுப் பலன் தெரிந்து, மூன்று முதல் நான்கு மாதம் வரை நிற்கும். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் 405 பேர் மருந்தையும் 132 பேர் வெறும் கரைசலையும் பெற்றார்கள். முப்பதாம் நாளில், மருத்துவர்களின் மதிப்பீட்டின்படி மருந்து பெற்றவர்களில் 80 விழுக்காட்டினருக்குக் கோடு இல்லை அல்லது இலேசாகவே இருந்தது. வெறும் கரைசல் பெற்றவர்களில் அது 3 விழுக்காடு. இவ்வளவு தெளிவான வேறுபாட்டைக் காட்டும் அழகு சிகிச்சைகள் மிகக் குறைவு.

நரம்பின் நுனியிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியே விடுவதற்கு உதவும் ஸ்னாப்-25 என்னும் புரதத்தை இந்த நச்சு வெட்டிவிடுகிறது. நரம்பும் சாவதில்லை, தசையும் சாவதில்லை. இரண்டுக்கும் நடுவே பேச்சு நின்றுபோகிறது. சில மாதங்களில் நரம்பு நுனி தன் வேலையைத் திரும்பப் பெறும்போது கோடும் திரும்புகிறது. புருவ மத்தியில் 20 யூனிட் செய்வதும், உடல் முழுவதும் பரவிய நச்சு மூச்சுத் தசைகளில் செய்வதும் இதே ஒரே செயல்தான். எந்த இடத்தில், எவ்வளவு என்பது மட்டுமே வேறு.

அந்த ‘எவ்வளவு’ என்பதை எடை கொண்டு சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. 100 யூனிட் போடாக்ஸ் குப்பியில் உள்ள நச்சுப் புரதம் சுமார் 5 நானோகிராம். அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு. கண்ணுக்கு அந்தக் குப்பி காலியாகவே தோன்றும். அடியில் மெல்லிய படலமாகத் தெரிவது மனித ஆல்புமினும் உப்பும். அவ்வளவு நுண்ணிய நச்சு கண்ணாடிச் சுவரில் ஒட்டி வீணாகாமல் காப்பதே அந்த ஆல்புமினின் வேலை. இத்தனை சிறிய பொருளை அதன் ஆற்றலை வைத்தே அளக்க முடியும். ஆகவே, ஆய்வெலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தும்போது பாதி எலிகளைக் கொல்லும் அளவு எதுவோ அதை ஒரு யூனிட் என்று வகுத்தார்கள். 2011 இல் வளர்ப்புச் செல்களைக் கொண்டு ஆற்றலை அளக்கும் முறைக்கு அனுமதி கிடைத்த பிறகு எலிகளின் தேவை பெருமளவு குறைந்தது; அளவுகோலின் அடிப்படை மாறவில்லை.

இன்சுலினுக்கும் யூனிட் என்றே சொல்கிறோம். ஆனால் இன்சுலின் யூனிட் எந்த நிறுவனம் தயாரித்தாலும் ஒன்றுதான். போட்டுலினம் மருந்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் மருந்தைத் தன் முறையில் அளக்கிறது. இதே புருவ மத்திக்கு, இதே பலனுக்கு, போடாக்ஸில் 20 யூனிட், ஜியோமினில் 20 யூனிட், டிஸ்போர்ட்டில் 50 யூனிட், 2022 இல் அனுமதி பெற்ற டாக்ஸிஃபையில் 40 யூனிட் என்று அளவுகள் வேறுபடுவதற்குக் காரணம் அதுவே. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பெயர்த்துப் போடக் கூடாது என்று எல்லா மருந்துகளின் குறிப்பேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. குப்பியில் அச்சிட்ட அந்த எண் ஒரு தயாரிப்பாளர் தன் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகு தரும் கையொப்பம். ஊசி போடும் மருத்துவரால் தன் அறையில் அதைச் சரிபார்க்க இயலாது. நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்தக் குப்பி

ஓக்லண்ட் பார்க்கில் பயன்பட்டது இந்தக் கையொப்பம் இல்லாத குப்பி. கலிபோர்னியாவில் உள்ள ஆய்வகப் பொருள் நிறுவனம் ஒன்று, ஆராய்ச்சியாளர்களின் சோதனைகளுக்காகத் தயாரித்து விற்ற தூய நச்சு அது. மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையோடு விற்கப்பட்டது. அதன் அளவு எடையில், 100 மைக்ரோகிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அழகு சிகிச்சைக் குப்பியின் 5 நானோகிராமோடு ஒப்பிட்டால், எடையில் மட்டும் ஏறத்தாழ 20,000 மடங்கு. நோயாளிகளுக்குச் செலுத்தியது எந்தத் தொகுதியைச் சேர்ந்ததோ அதே தொகுதியிலிருந்து எடுத்த ஒரு குப்பியைப் பின்னர் சோதித்தபோது, அதில் இருந்த நச்சைச் சமமாகப் பங்கிட்டு ஊசியாகப் போட்டால் சுமார் 14,286 பெரியவர்களைக் கொல்லப் போதும் என்று கணக்கிடப்பட்டது. அந்த நால்வரும், மனிதனைக் கொல்லப் போதும் என மதிப்பிடப்பட்ட அளவைப் போல் 2,857 மடங்கு வரை பெற்றிருக்கக்கூடும் என்று 2006 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வறிக்கை சொல்கிறது.

இந்த எண்களுக்கு முன்னால் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மருத்துவர் அதே மருந்தைத் தன் உடலிலும் செலுத்திக்கொண்டார். தன் தோழிக்கும் போட்டார். கொல்லும் எண்ணம் கொண்டவர் செய்யும் செயல் அல்ல இது. தாம் கலக்கும் நீரின் அளவைத் தாம் அறிந்திருப்பதாக அவர் நம்பியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்துப்போகச் செய்ய வேண்டிய ஒரு பொருளில், ஒரு தசமப் புள்ளி தவறினாலும் சரிசெய்ய இடமில்லை. தவறியதா என்று பார்த்துச் சொல்லும் கருவியும் அந்த அறையில் இல்லை. கரைசல் தெளிந்த நீராகவே இருக்கும், நிறமில்லை, வாடையில்லை. முறையான மருந்து எதைத் தயாரிப்பாளரின் தொழிற்கூடத்தில் பலமுறை சோதித்து முடிக்கிறதோ, அந்த வேலை முழுவதையும் ஒரு மனிதரின் மனக்கணக்கு ஏற்றுக்கொண்டது. நேர்மையும் திறமையும் உள்ள மருத்துவராக இருந்திருந்தாலும் இந்தக் குப்பியை வைத்துக்கொண்டு அவரால் பாதுகாப்பாகச் செயல்பட்டிருக்க முடியாது என்பதே என் முடிவு.

நோயின் போக்கு

போட்டுலிசம் மேலிருந்து கீழே இறங்கும் நோய். முதலில் மண்டை நரம்புகள் பாதிக்கப்படுகின்றன: பார்வை இரட்டையாகத் தெரியும், இரண்டு இமைகளும் தொங்கும், நா குழறும், எச்சிலை விழுங்கவும் முடியாமல் போகும். பிறகு கழுத்து, தோள், கை, கால் என்று தளர்ச்சி இருபுறமும் சமமாக இறங்கும். உதரவிதானமும் விலா இடைத் தசைகளும் தளரும்போது மூச்சு நிற்கிறது. காய்ச்சல் வராது, தொடு உணர்வு மாறாது. கொடுமை என்னவென்றால் நினைவும் தெளிவாகவே இருக்கும். அசையவும் பேசவும் முடியாமல் படுத்திருப்பவர், தம்மைச் சுற்றி நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டும் உணர்ந்துகொண்டும் இருப்பார். அந்த நால்வரின் வாரங்கள் இப்படிக் கழிந்தன என்று நினைக்கும்போது, ஒரு நெற்றிக் கோட்டுக்காக அவர்கள் கொடுத்த விலை நெஞ்சை அழுத்துகிறது.

நோயை உறுதிசெய்த விதம் மருத்துவ நோக்கில் முக்கியமானது. எதிர்நஞ்சு செலுத்துவதற்கு முன்பே மூவரின் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. நான்காமவரிடமிருந்து அப்படி எடுத்த இரத்தம் கிடைக்கவில்லை. அந்த மூவரின் இரத்த நீரில் இருந்த நச்சு, மனிதனைக் கொல்லும் அளவைப் போல் 21 முதல் 43 மடங்கு வரை இருந்தது. நரம்பு நுனிகளுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட நச்சு இந்தக் கணக்கில் வராது. இரத்தத்தில் மீதமிருந்ததே இவ்வளவு.

நால்வருக்கும் போட்டுலிச எதிர்நஞ்சு கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதே எதிர்நஞ்சின் வேலை; நரம்புக்குள் நுழைந்துவிட்டதை அது வெளியேற்றாது. அதனால்தான் எதிர்நஞ்சு கொடுத்த மறுநாள் நோயாளி எழுந்து நடப்பதில்லை. நரம்பு நுனிகள் தாமாக மீளும்வரை, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ, மூச்சுக் கருவியும் செவிலியரின் இடைவிடாத கவனிப்பும் உயிரைத் தாங்க வேண்டும். நால்வரும் உயிர் பிழைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் அந்த உழைப்பு இல்லையென்றால் இந்த ஆய்வறிக்கையின் கடைசி வரி வேறாக இருந்திருக்கும்.

கை மாறிய வழி

ஊசி போட்டவரின் மருத்துவ உரிமம் அப்போது இடைநிறுத்தப்பட்டிருந்தது. நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை அங்கே நிற்காமல், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் இயங்கிய ஒரு விற்பனை நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்தது. போடாக்ஸுக்கு மலிவான மாற்று என்று சொல்லி, ஆய்வக நச்சைக் குப்பிகளில் அடைத்து, 200க்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கு அது விற்றிருந்தது. அதை நடத்தியவர்களும் சிறை சென்றார்கள். என்னை மிகவும் உறுத்துவது இந்த எண்ணிக்கைதான். ஓக்லண்ட் பார்க்கின் மருத்துவர் உரிமம் இடைநிறுத்தப்பட்டவர்; ஆனால் டூசானிலிருந்து வாங்கிய இருநூற்றுச் சொச்சம் பேர் தொழில் செய்துகொண்டிருந்த மருத்துவர்கள்.

அவர்கள் ஏன் வாங்கினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அசல் குப்பி ஒன்றின் விலை நூற்றுக்கணக்கான டாலர். கரைத்த மருந்தை 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது அன்றைய குறிப்பேட்டின் விதி; நோயாளிக்கு 20 யூனிட் போக மீதி 80 வீணாகலாம். நோயாளியோ குப்பியைப் பார்ப்பதில்லை, பார்க்கக் கேட்பதும் இல்லை. விற்றவர், வாங்கியவர், கரைத்தவர் என ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருந்தவர் சரிபார்த்திருப்பார் என்று எடுத்துக்கொண்டால், கடைசியில் யாருமே சரிபார்க்காத ஒரு திரவம் நெற்றிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இமை தொங்குவதும் நச்சு பரவுவதும்

இந்த நிகழ்வைப் படித்துவிட்டு, முறையான சிகிச்சைக்குப் பின் ஒரு இமை சற்றுத் தாழ்ந்ததும் அஞ்சி நடுங்குபவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். காருகேட்டரின் வெளிப்புற ஊசியைப் புருவ எலும்பின் விளிம்புக்கு மிக அருகே போட்டால், மருந்து கீழே கசிந்து மேலிமையைத் தூக்கும் தசையை எட்டலாம். அதனால்தான் எலும்பு விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே போடச் சொல்கிறார்கள். முற்கூறிய ஆய்வுகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இப்படி இமை தொங்கியது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வரும் இது சில வாரங்களில் தானே சரியாகும். அதுவரை இமையை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தித் தரும் சொட்டு மருந்துகள் உள்ளன. விழுங்குவதிலும் பேச்சிலும் மூச்சிலும் மாற்றம் வந்தால் அது வேறு கதை. மருந்து செலுத்திய இடத்துக்கு அப்பால் பரவக்கூடும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை 2009 முதல் எல்லாப் போட்டுலினம் மருந்துகளும் தாங்கி வருகின்றன. மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே ஆபத்தாகலாம் என்பதால், அதைக் கேட்டறியாமல் ஊசியை எடுக்கும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

நச்சு என்ற சொல்லுக்கு அஞ்சி, அதற்குப் பதிலாக ‘ஃபில்லர்’ எனப்படும் நிரப்பிப் பொருளைக் கோட்டுக்குள் செலுத்திக்கொள்வது மென்மையான வழி என்று ஒருவர் எண்ணலாம். புருவ மத்தியைப் பொறுத்தவரை அது தலைகீழான கணிப்பு. அங்கே தோலுக்கடியில் ஓடும் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குள் செல்லும் தமனியின் கிளைகள். நிரப்பி தவறுதலாகக் குழாய்க்குள் புகுந்து அழுத்தத்தால் பின்னோக்கிச் சென்றால் விழித்திரையின் தமனியை அடைத்துவிடும். ஜீன் கருதர்ஸும் பங்கேற்று 2015 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நிரப்பியால் பார்வை பாதிக்கப்பட்ட 98 நிகழ்வுகளில் 38.8 விழுக்காடு புருவ மத்தியில் செலுத்தியதால் நேர்ந்தவை. அளந்து போட்ட நச்சின் பலன் மாதங்களில் நீங்கிவிடும். விழித்திரை இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

மறுபடியும், 2024

2024 ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 11 மாநிலங்களைச் சேர்ந்த 22 பெண்கள், போலியான அல்லது முறைகேடாகக் கையாளப்பட்ட போட்டுலினம் ஊசிக்குப் பிறகு நோயுற்றிருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் அழகு சிகிச்சைக்காகப் போட்டுக்கொண்டவர்கள். 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 6 பேருக்கு எதிர்நஞ்சு கொடுக்கப்பட்டது, எவரும் இறக்கவில்லை. உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்களிடமும், வீடு, ஒப்பனை நிலையம் போன்ற இடங்களிலும் ஊசி போடப்பட்டிருந்தது.

அந்த வேளையில் பிடிபட்ட போலிப் பெட்டிகளில் ஒன்றின் மேல் 150 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. அசல் நிறுவனம் அப்படியொரு அளவைத் தயாரிப்பதே இல்லை. மருந்தின் பெயரும் ஒனாபோட்டுலினம்டாக்சின்-ஏ என்றிருக்க வேண்டிய இடத்தில் பொதுப்பெயராக எழுதப்பட்டிருந்தது. 2004 இன் குப்பியில் யூனிட் என்ற சொல்லே இல்லை. 2024 இன் பெட்டியில் அந்தச் சொல்லைப் போலியாக அச்சடித்திருந்தார்கள். பெட்டியைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் படித்திருந்தால் இந்தப் போலி புலப்பட்டிருக்கும். ஆகவே ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: திறக்காத குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், மருந்தின் பெயர், யூனிட், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கண்முன் கரைக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் குப்பிக்குள் வெற்றிடம் இருப்பதால் ஊசியைக் குத்தியதும் உப்புநீர் தானாக உள்ளே இழுபட வேண்டும்; இழுபடாவிட்டால் அந்தக் குப்பியைக் கழித்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். இவற்றைக் கேட்பதை அவமதிப்பாக நல்ல மருத்துவர் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஊசி போட்ட பின் வரும் நாள்களில் இரட்டைப் பார்வையோ, இரண்டு இமைகளின் தொய்வோ, நா குழறலோ, விழுங்க முடியாமையோ, மூச்சுத் திணறலோ தோன்றினால், ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பப் போகாமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது, எந்தத் தேதியில் எந்த இடத்தில் போட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டோம் என்பதை. தலை ஸ்கேன் எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது. பக்கவாதம், மயஸ்தீனியா, கில்லன்-பாரே என்று வேறு நோய்களைத் தேடி மணிநேரங்கள் கழிந்துவிடும். எதிர்நஞ்சு இரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டுமே பிடிக்கும் என்பதால், ஆய்வக முடிவு வரும்வரை காத்திராமல் நோய்க்குறிகளை வைத்தே அதைக் கொடுக்க வேண்டியிருக்கும். கூச்சப்பட்டு அந்த ஒரு வாக்கியத்தை மறைத்தால், மருத்துவருக்கு அந்தச் சந்தேகமே எழாமல் போகலாம்.